ஆறு வரிசைப் பற்கள்

பூச்சிகளைப் பிரித்தறிந்த கதை – 17

சுவீடன் நாட்டுக் குடியானவர்கள் மருவுக்கு ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். புல்வெளியில் திரியும் பருத்த வெட்டுக்கிளி ஒன்றைப் பிடித்து வந்து மருவின்மேல் விட்டுக் கடிக்கச் செய்வார்கள். கடித்த இடத்தில் அது பழுப்பு நிறத்தில் ஒரு நீரைக் கக்கும். அந்த நீர் பட்டால் மரு காய்ந்து உதிர்ந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த வைத்தியம் லின்னேயஸின் காதுக்கும் எட்டியிருந்தது. 1758இல் வந்த ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பில் அந்தப் பூச்சிக்கு அவர் ‘வெருசிவோரஸ்’, அதாவது மருவைத் தின்பது, என்றே பெயர் வைத்தார். டெக்டிகஸ் வெருசிவோரஸ் என்பது அதன் இன்றைய பெயர்.

கக்கிய அந்த நீர் பூச்சியின் தீனிப்பையிலிருந்து வருவது. நடுக்குடலில் சுரக்கும் செரிமான நீர் முன்னோக்கி ஓடித் தீனிப்பைக்குள் சேர்வதால், உணவு பாதி செரித்த நிலையில் அங்கே கிடக்கிறது. கையில் பிடித்து அழுத்தினால் அதுதான் வெளியே வருகிறது. ஆக, பூச்சிக்குப் பெயர் வயிற்றிலிருந்து கிடைத்தது. ஆனால் அதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று லின்னேயஸ் முடிவுசெய்தபோது வயிறு அவருடைய கணக்கில் இல்லை. கும்பிடுபூச்சி, சுவர்க்கோழி, வெட்டுக்கிளி எல்லாவற்றையும் ‘கிரில்லஸ்’ என்ற ஒரே பேரினத்தில் போட்டு, அதை ஆறு பிரிவாக வகுத்தார். தலையின் வடிவம், முதுகின் மேடு, உணர்கொம்பின் தடிமன், பின்பக்கத்து வாள் போன்ற உறுப்பு ஆகியவையே அவருடைய அளவுகோல்கள். எல்லாமே கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரிபவை.

இதே பூச்சிகளின் முன்னங்காலில் காது இருப்பதை சீபோல்ட் 1844இல் எடுத்துக்காட்டியதைச் சென்ற இதழில் பார்த்தோம். காதும் வெளியே தெரியும் உறுப்புதான். வெளியே தெரியாத ஒன்றை, அதாவது குடலை, வகைப்பாட்டுக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர்களின் வரலாற்றை இந்த இதழில் சொல்கிறேன். அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். ஏன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பூச்சியை அடையாளம் காட்டிவிடுகிறேன். மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் பச்சைநிறப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். இறக்கை அசல் இலை போலவே நரம்போடியிருக்கும். உணர்கொம்பு மயிரிழையாக, உடலைவிட நீளமாக இருக்கும். அமெரிக்கர்கள் இதைக் கேட்டிடிட் என்பார்கள். நாம் நீளக்கொம்பு வெட்டுக்கிளி என்று வைத்துக்கொள்வோம். வயலை மொட்டையடிக்கும் பாலைவன வெட்டுக்கிளியின் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல இது. அது குட்டைக்கொம்பு வகை. நீளக்கொம்புக் குடும்பத்துக்கு டெட்டிகோனிடே என்று பெயர். இதுவரை அறியப்பட்ட இனங்கள் எட்டாயிரத்துக்கும் மேல். இத்தனை இனங்களையும் எப்படிப் பிரிப்பது, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதில் 250 ஆண்டுகளாகச் சண்டை ஓயவில்லை.

இந்தக் கூட்டத்தின் வயிற்றை முதலில் கருத்தோடு திறந்தவர்களில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து யான் ஸ்வாமர்டாம் முக்கியமானவர். 1637இல் பிறந்து 1680இல் மறைந்த மனிதர். பூச்சியை அறுப்பதற்கென்றே மிக நுண்ணிய கத்தரிக்கோல்களைச் செய்துவைத்திருந்தார். அவற்றைத் தீட்டுவதற்கே உருப்பெருக்கி தேவைப்பட்டது. மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகிக் காற்றை ஊதினால், சுருங்கிக் கிடக்கும் குடல் உப்பி வடிவம் காட்டும். தேனீயை ஆராய்ந்த கோடையில் காலை ஆறு மணிக்கே வெட்டவெளியில் உட்கார்ந்து, வெளிச்சம் மறைக்கக் கூடாதென்று தொப்பிகூடப் போடாமல், நண்பகல்வரை பார்த்துக்கொண்டே இருந்தாராம். வெளிச்சத்தில் கண் பூத்துப்போய் பிற்பகலில் வேலை செய்ய முடியாது.

அவர் வெட்டுக்கிளியின் வயிற்றைத் திறந்தபோது பை பையாகத் தெரிந்தது. உள்ளே மடிப்புகளும் இருந்தன. ஆடுமாடுகளின் வயிறும் பல அறை கொண்டதுதானே? ஆகவே வெட்டுக்கிளியும் அசைபோடும் என்று ஸ்வாமர்டாம் முடிவுகட்டினார். அசைபோடுவதைத் தாம் பார்த்ததாகவே நம்பினார். அவருடைய கையெழுத்துப் படிகளை டச்சு மருத்துவர் போர்ஹாவ 1737–38இல் நூலாக்கி வெளியிட்டபோது இந்தக் கருத்தும் உலகுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் கைவிடச் செய்ய இன்னொரு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ஜெர்மனியில் ராம்டோர் 1811இல் பூச்சிகளின் செரிமான உறுப்புகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிரான்சின் மார்செல் த செர் 1813இல் குடலின் ஒவ்வொரு பகுதியும் என்ன வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, பூச்சிகள் அசைபோடுவதில்லை என்று காட்டினார். வாய்க்கு வரும் அந்த நீர், தொந்தரவு தாங்காமல் கக்குவது. மீண்டும் மெல்லுவதற்காகக் கொண்டுவருவதல்ல.

ஸ்வாமர்டாமைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உணவு இரண்டுமுறை அரைபடுகிறது என்ற அவருடைய ஊகம் சரியானதே. இரண்டாம் அரைவை வாயில் நடக்கும் என்று நினைத்ததுதான் பிழை. அது வயிற்றுக்குள்ளேயே நடக்கிறது. வயிற்றுக்குள் பற்கள் இருக்கின்றன.

பதினொன்றாம் வகுப்பில் கரப்பான்பூச்சி படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வாய், தொண்டை, உணவுக்குழல், தீனிப்பை, அதன் முடிவில் அரைவைப்பை. இதுவரை முன்குடல். பிறகு நடுக்குடல், பின்குடல். முன்குடலும் பின்குடலும் உண்மையில் வெளித்தோலின் தொடர்ச்சிதான். தோல் உள்ளே மடிந்து குழாயாகியிருக்கிறது. அதனால் மேலே இருக்கும் அதே கெட்டியான கியூட்டிக்கிள் உள்ளேயும் படர்ந்திருக்கும். பூச்சி தோலுரிக்கும்போது முன்குடலின் உள்தோலும், அதில் உள்ள பற்களோடு சேர்ந்து, கழன்று வரும். குஞ்சுப் பருவத்தில் ஒவ்வொரு தோலுரிப்புக்கும் புதுப்பற்கள் கிடைக்கும். வளர்ந்த பூச்சிக்குத் தோலுரிப்பு இல்லை. அதற்குக் கடைசியாக வாய்த்த பற்கள்தான் சாகும்வரை.

நீளக்கொம்பு வெட்டுக்கிளியின் அரைவைப்பையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அதிகக் கருவி தேவையில்லை. மெழுகுத்தட்டில் பூச்சியைக் குண்டூசியால் குத்தி நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, முதுகுப்பக்கமாக நீளவாக்கில் வெட்ட வேண்டும். கொழுப்பையும் வெள்ளி இழைகளாக ஓடும் மூச்சுக்குழல்களையும் விலக்கினால் தீனிப்பை தெரியும். தின்றிருந்தால் உப்பி, பச்சையோ பழுப்போ உள்ளிருந்து தெரியும். அது சட்டென்று சுருங்கும் இடத்தில் மிளகு போல ஒன்று உருண்டு திரண்டு நிற்கும். விரலால் தொட்டால் மற்றக் குடல்போல் குழையாது, கெட்டியாக இருக்கும். அதுதான் அரைவைப்பை. அதைத் தனியே வெட்டியெடுத்து, நீளவாக்கில் கீறி விரித்து, காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் சூடாக்கினால் தசையெல்லாம் கரைந்துபோகும். கியூட்டிக்கிள் மட்டும் கரையாது. அதை லென்சில் வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் ஆறு வரிசைகள், வரிசைக்கு வரிசை பழுப்புநிறப் பற்கள். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் ஒரு கூர், இருபக்கமும் சின்னக் கூர்கள், ஓரத்தில் மயிர்த்தூரிகை. எந்தப் பல்லும் பக்கத்துப் பல்லைப் போல அச்சாக இராது. வரிசையின் தொடக்கத்தில் ஒரு வடிவம், முடிவுக்குப் போகப்போக வேறு வடிவம்.

பொட்டாஷ் விஷயத்தை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குடல் அழுகிப்போகிற உறுப்பு, அதை அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அரைவைப்பையின் உள்தோல் அழுகாது. நூறாண்டு காய்ந்த மாதிரியின் வயிற்றிலும், உள்ளே விட்டுவைத்திருந்தால், அந்தப் பற்கள் அப்படியே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரைவைப்பை முடிகிற இடத்தில் இன்னோர் அடையாளம். நடுக்குடல் தொடங்கும் வாசலில் சீக்கா எனப்படும், ஒருபக்கம் மூடிய பைகள் இருக்கும். நீளக்கொம்பு வெட்டுக்கிளிக்கும் சுவர்க்கோழிக்கும் இவை இரண்டே. அரைவைப்பையை இருபுறமும் அணைத்தாற்போல் பெரிதாக நிற்கும். குட்டைக்கொம்பு வெட்டுக்கிளியைத் திறந்தால் ஆறு. ஒவ்வொன்றும் முன்பக்கம் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை என்று நீட்டியிருக்கும். அதன் அரைவைப்பை மெலிந்து, பற்கள் பேருக்குத்தான். வெளியே பார்க்க இரண்டும் ‘வெட்டுக்கிளி’. நீண்ட பின்னங்கால், தாவும் வித்தை, பச்சை உடம்பு எல்லாம் ஒன்றுபோல. வயிற்றைத் திறந்தால் நீளக்கொம்பு வெட்டுக்கிளிக்குச் சுவர்க்கோழிதான் உறவு என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கூட்டம் கூட்டமாக ஒப்பிட்டு எழுதியவர்களில் லியோன் துஃபூருக்கு நிகரில்லை என்பேன். 1780இல் தென்மேற்கு பிரான்சின் சேன் செவேர் என்ற சிற்றூரில் பிறந்தவர். நெப்போலியனின் படையில் மருத்துவராக ஸ்பெயினுக்குப் போனார். திரும்பி வந்து சொந்த ஊரிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டு, எஞ்சிய நேரமெல்லாம் பூச்சிகளை அறுத்துக்கொண்டு, 1865இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பாரிஸ் அருங்காட்சியகத்தில் நாற்காலி இல்லை, உதவியாளர் பட்டாளம் இல்லை. 1828இல் இயர்விக் என்ற, வாலில் இடுக்கி கொண்ட பூச்சியின் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து, இதை வெட்டுக்கிளிகளோடு ஆர்த்தாப்டெரா வரிசையில் வைப்பது பொருந்தாது, தனி வரிசையாக்க வேண்டும் என்றார். இன்று எல்லாப் பாடநூலிலும் இயர்விக் தனி வரிசைதான். 1841இல் ஆர்த்தாப்டெரா முதலான மூன்று வரிசைகளின் உடற்கூறு பற்றிய அவருடைய பெருநூல் வந்தது. தீனிப்பை, அரைவைப்பை, சீக்கா, மால்பீஜியன் குழல்கள் என்று இனம் இனமாகப் படம் போட்டு வைத்தார்.

மால்பீஜியன் குழல்களில் அவர் கண்ட வேறுபாடும் முக்கியம். நடுக்குடலும் பின்குடலும் சேருமிடத்தில் இழை இழையாகத் தொங்கும் அந்தக் குழல்கள், சுவர்க்கோழியிலும் பிள்ளைப்பூச்சியிலும் ஒரே பொதுக்குழாயில் சேர்ந்து குடலுக்குள் திறக்கும். நீளக்கொம்பு வெட்டுக்கிளியில் அப்படியில்லை. கொத்துக் கொத்தாகப் பிரிந்து, குடலைச் சுற்றிப் பல இடத்தில் திறக்கும். அரைவைப்பையும் சீக்காவும் சேர்த்துவைத்த இருவரை இந்தக் குழல் பிரித்துக் காட்டியது. நெருங்கிய உறவுதான், ஆனால் வெவ்வேறு வீடு.

துஃபூர் பிடிவாதக்காரர். அந்தக் குழல்கள் கல்லீரலின் வேலையைச் செய்பவை என்று அடித்துச் சொன்னார். அவற்றுக்குள் யூரிக் அமிலம் இருப்பதை வேதியியலாளர்கள் காட்டிய பிறகும் மாறவில்லை. குழல்கள் கழிவை நீக்குபவை என்பதே பிறகு உறுதியானது. உறுப்பின் வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டவர், அதன் வடிவத்தைத் துல்லியமாக எழுதிவைத்தார். வகைப்பாட்டுக்கு வடிவம் போதும். அதனால்தான் 1841இன் படங்கள் இன்னும் பயன்படுகின்றன. 1854இல் அவிஞ்ஞோனில் ஆசிரியராக இருந்த ழான் ஆன்ரி ஃபாப்ர், துஃபூர் ஒரு குளவியைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் பூச்சியுலகுக்குத் திரும்பினார் என்பது இந்தத் தொடரின் வாசகர்களுக்குத் தெரிந்ததே.

அடுத்து ஜெர்மன் மொழியில் நுண்ணோக்கி வேலை நடந்தது. வீட்டுஸ் கிராபர் 1869இல் சுவர்க்கோழி, நீளக்கொம்பு வெட்டுக்கிளி இரண்டின் அரைவைப்பையையும் சீக்காவையும் மட்டும் எடுத்துக்கொண்டு வியன்னா அறிவியல் கழகத்தின் இதழில் எழுதினார். 1877இல் வில்டே என்பவர் ஆர்த்தாப்டெரா முழுவதன் அரைவைப்பையையும் ஆராய்ந்தார்.

அதே வியன்னாவில், அதே ஆண்டுகளில், இந்தப் பூச்சிகளின் வகைப்பாட்டையே கையில் வைத்திருந்த ஒருவர் இருந்தார். கார்ல் புருன்னர் ஃபொன் வாட்டன்வில். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தவர், ஆஸ்திரியத் தந்தித் துறையின் இயக்குநர். உலகெங்கும் இருந்து வெட்டுக்கிளிகள் அவருக்கு வந்து குவிந்தன. 1878இல் இலைபோன்ற இறக்கை கொண்ட ஃபனரோப்டெரா கூட்டத்துக்கு அவர் எழுதிய பெருநூலும், 1882இல் ஐரோப்பிய ஆர்த்தாப்டெராவுக்கு எழுதிய நூலும் அடுத்த இரண்டு தலைமுறைக்கு வேதம். அவற்றில் பாதத்தின் பள்ளம், மார்பின் அடியிலுள்ள முள், முன்னங்காலின் காதுத் துளை, உணர்கொம்பு தலையில் பொருந்தும் இடம் என்று எல்லாமே வெளியடையாளம். பக்கத்திலேயே கிராபர் அரைவைப்பையை விரித்துவைத்திருந்தும் அது புருன்னரின் அட்டவணைக்குள் நுழையவில்லை.

இதைப் புருன்னரின் குறுகிய பார்வை என்று எழுதுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அவர் மேசைக்கு வந்தவை காய்ந்த பூச்சிகள். பிரேசிலிலோ ஜாவாவிலோ ஒருவர் பிடித்து, ஊசியில் குத்தி, பெட்டியில் அடுக்கி, கப்பலில் அனுப்பியவை. நீளக்கொம்பு வெட்டுக்கிளி பருத்த உடம்பு கொண்டது. அப்படியே காயவைத்தால் வயிறு அழுகும், பச்சை நிறம் கருத்துப்போகும். ஆகவே சேகரிப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முறை இதுதான்: வயிற்றின் அடிப்பக்கத்தைக் கீறு, குடலை இடுக்கியால் இழுத்தெடு, பஞ்சை அடை. இந்த முறை இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. பஞ்சடைத்த பூச்சி அழகாகக் காயும். நிறம் நிற்கும். குடல் குப்பைக்குப் போகும்.

குடலைப் பேசியவர்களுக்குரிய இடம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். அறிவியல் வாதத்தில் அவர்கள் தோற்கவில்லை. பெட்டியில் இருந்ததைக் கொண்டுதான் வகைப்பாடு செய்ய முடியும். பெட்டியில் இருந்தது தோலும் காலும் இறக்கையும். ஆறு வரிசைப் பற்களை மாதிரியிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, பற்களால் என்ன பயன் என்று கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்?

பதில் சொல்ல முனைந்தவர் லெயோனார் போர்தா. 1898இல் ஆர்த்தாப்டெராவின் செரிமான உறுப்புகளைப் பற்றி அவர் எழுதிய 200 பக்க ஆய்வின் தலைப்பிலேயே, வகைப்பாட்டுக்கு இந்த உறுப்பின் முக்கியத்துவம் என்று எழுதிவைத்தார். கரப்பான், கும்பிடுபூச்சி, குச்சிப்பூச்சி, இரண்டு வகை வெட்டுக்கிளிகள், சுவர்க்கோழி, இயர்விக் என்று எல்லாவற்றையும் பார்த்தார். சீக்கா உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம் என்று பிரித்தார். சீக்கா இல்லாத பக்கத்தில் குச்சிப்பூச்சியும் இயர்விக்கும் ஒன்றாய் வந்து நின்றன.

இங்கேதான் குடல்வழி வகைப்பாட்டின் பலவீனம் தெரிகிறது. குச்சிப்பூச்சிக்கும் இயர்விக்குக்கும் நெருங்கிய உறவு இல்லை. இரண்டிலும் சீக்கா இல்லை என்பது உண்மை. ஆனால் ஒன்று இல்லாமையைக் கொண்டு உறவு சொல்வது ஆபத்து. வெவ்வேறு வழியில் வந்தவை வெவ்வேறு காரணத்தால் ஒரே உறுப்பை இழக்கலாம். இருப்பதைக் கொண்டு, அதுவும் நுணுக்கமாக இருப்பதைக் கொண்டு, உறவு சொன்னால் நிற்கும். ஆறு வரிசை, வரிசைக்குள் படிப்படியாக மாறும் பற்கள், அவற்றை அணைத்த இரண்டு சீக்கா ஆகிய இத்தனையும் தற்செயலாக இரண்டு இடத்தில் கூடிவராது.

1939ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் விசேஷமானது. லண்டனில் ஃபிரெடரிக் சாய்னர், பிரிட்டிஷ் மியூசியத்துக்காகக் கல்லில் பதிந்த நீளக்கொம்பு வகைகளின் நூலை வெளியிட்டார். சுவீடனின் லுண்ட் நகரில் ஷெல் ஆண்டர் என்பவர் அதே கூட்டத்தின் ஒப்பீட்டு உடற்கூற்றை வெளியிட்டார். கல்லில் குடல் பதியாது, இறக்கை நரம்புதான் பதியும். எனவே சாய்னர் இறக்கையிலிருந்து குலமரம் வரைந்தார். ஆண்டர் அறுத்துப் பார்த்து, உள்ளும் புறமும் சேர்த்து வரைந்தார். இரண்டு மரங்களும் ஒத்துப்போகவில்லை. நீளக்கொம்பு வகைகளுக்கு என்சிஃபெரா, குட்டைக்கொம்பு வகைகளுக்கு சீலிஃபெரா என்று இன்று நாம் சொல்லும் இரு பெரும்பிரிவுகளில் பின்னதற்குப் பெயர் வைத்தவர் இந்த ஆண்டர்தான், 1936இல். முன்னதற்கு பிரான்சின் ஷோப்பார் 1920இல் பெயர் கொடுத்திருந்தார்.

1948இல் கனடாவின் டபிள்யூ. டபிள்யூ. ஜட், வகைப்பாட்டில் அரைவைப்பையின் பயன் என்ற கேள்வியை நேராக எடுத்துக்கொண்டு எழுபது பக்கத்துக்கு ஓர் ஒப்பாய்வு வெளியிட்டார். பற்களின் வரிசை, பல்லின் உறுப்புகள், இடையிலுள்ள மடிப்புகள் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் படமும் கொடுத்து எழுதப்பட்ட ஆய்வு அது. அரைவைப்பையை ஒப்பிட விரும்பும் எவரும் இன்றும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

பற்களின் வடிவம் வம்சத்தைச் சொல்கிறதா, சாப்பாட்டைச் சொல்கிறதா என்பதே இந்த ஆய்வுகளின் முன் நிற்கும் கடினமான கேள்வி. வெட்டுக்கிளி என்றால் இலை தின்னும் என்று நாம் நினைக்கிறோம். இந்தக் குடும்பத்தில் அது பாதி உண்மைகூட இல்லை. ஐரோப்பாவின் சாகா பெடோ முழு வேட்டையாடி. முள் வரிசை கொண்ட கால்களால் மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். ஆஸ்திரேலியாவின் சாப்ரோகிலினே கூட்டம் பூக்களில் மகரந்தமும் தேனும் உண்டு வாழ்கிறது. ஃபனரோப்டெரா வகைகள் பெரும்பாலும் இலையும் பூவும் தின்பவை. டெக்டிகஸ் எது கிடைத்தாலும் விடாது. வெண்முக டெக்டிகஸைக் கூண்டில் வளர்த்த ஃபாப்ர், அது கீரையை ஒதுக்கிவிட்டுத் தினைவகைப் புல்லின் பாலேறிய மணிகளை விரும்பித் தின்றதையும், நீலச்சிறகு வெட்டுக்கிளியைப் போட்டவுடன் பாய்ந்து கழுத்தைக் கடித்ததையும் எழுதியிருக்கிறார். கெட்டியான கியூட்டிக்கிளையும் விதையையும் அரைக்கும் பையும், மகரந்தத்தைக் கையாளும் பையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே குடலில் எந்த அடையாளத்தை எந்த மட்டத்தில் நம்புவது என்று தெரிந்து நம்ப வேண்டும். ஆறு என்ற வரிசை எண்ணிக்கை, சீக்காவின் எண்ணிக்கை, மால்பீஜியன் குழல்கள் திறக்கும் முறை ஆகியவை பெரும்பிரிவுகளின் மட்டத்தில் உறுதியாக நிற்பவை. வேட்டையாடியாக இருந்தாலும் இலைதின்னியாக இருந்தாலும் மாறுவதில்லை. பல்லின் கூர்மை, பக்கக்கூரின் அளவு, தூரிகையின் அடர்த்தி ஆகியவை இனத்துக்கு இனம் மாறுபவை. நெருங்கிய பேரினங்களைப் பிரிக்க உதவும். தொலைதூர உறவுக்கு அவற்றைச் சாட்சிக்கு அழைத்தால் சாப்பாட்டு வழக்கம் குறுக்கே வந்து குழப்பும். இதைப் பிரித்தறியாமல் ‘குடல் நம்பகமானதா இல்லையா’ என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பது வீண் கேள்வி.

இதே குற்றச்சாட்டு வெளியடையாளத்துக்கும் பொருந்தும் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டிவிட்டன. 1995இல் டேரில் க்வின், ஆண்டர் சேர்த்துவைத்த உடற்கூற்றுக் குறிப்புகளை மீண்டும் எடுத்து, புதிய முறையில் மரம் வரைந்து, இந்தப் பூச்சிகளில் பாட்டு ஒருமுறைக்கு மேல் தனித்தனியே தோன்றியது என்று வாதிட்டார். அது இன்னும் தீராத வழக்கு. 2013இல் மரபணு வரிசைகளைக் கொண்டு நீளக்கொம்பு வெட்டுக்கிளிகளை ஆராய்ந்த அமெரிக்கக் குழு, இலைபோன்ற இறக்கை ஒரே மூதாதையிடமிருந்து வந்ததல்ல, பல வழிகளில் தனித்தனியே தோன்றியது என்று காட்டியது. இலை இறக்கையை நம்பி நூறாண்டு கட்டிய பல துணைக்குடும்பங்கள் கலைந்தன. 2015இல் ஆர்த்தாப்டெரா முழுவதற்கும் வந்த பெரிய மரபணு மரத்தில் என்சிஃபெரா ஒரு வம்சமாகவும் சீலிஃபெரா ஒரு வம்சமாகவும் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஆறு வரிசைப் பற்களும் இரண்டு சீக்காவும் எங்கே கோடு போட்டிருந்தனவோ அங்கேயே மரபணுவும் கோடு போட்டது.

மரபணு வந்துவிட்டதே, இனிக் குடல் எதற்கு என்று கேட்கலாம். எது எதற்கு உறவு என்பதை மரபணு சொல்லும். இலை தின்னும் வம்சத்திலிருந்து வேட்டையாடி எப்படி வந்தது, மகரந்தம் உண்ணத் தொடங்கியபோது உடம்பில் எது மாறியது என்பதைக் குடல்தான் சொல்ல முடியும். எட்டாயிரம் இனங்களில் அரைவைப்பையை விரித்துப் படம் போட்டவை மிகச் சொற்பம். தென்னிந்தியாவின் மெக்கோபோடா வெட்டுக்கிளியையே எடுத்துக்கொள்ளுங்கள். உருவத்தில் பிரித்துச் சொல்ல முடியாத இவற்றில் ஐந்து வகைப் பாட்டு இருப்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2006இல் வெளியிட்டார்கள். ஐந்தும் ஐந்து இனமா என்று கேட்கும்போது பாட்டோடும் மரபணுவோடும் அரைவைப்பையையும் ஒரு சாட்சியாகக் கூப்பிடலாம். செலவு ஒரு கத்தரிக்கோலும் கொஞ்சம் பொட்டாஷும்.

நம் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் பூச்சி சேகரிக்கும் மாணவர்களுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய நீளக்கொம்பு வெட்டுக்கிளியின் வயிற்றைக் கீறிப் பஞ்சு அடைக்கும்போது, இழுத்தெடுத்த குடலைக் குப்பையில் போடாதீர்கள். 70 விழுக்காடு ஆல்கஹால் ஊற்றிய சின்னக் குப்பியில் அதைப் போட்டு, பூச்சிக்குக் கொடுத்த அதே எண்ணைப் பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே போட்டு மூடிவையுங்கள்.

(அடுத்த இதழில்: இறக்கை நரம்புகளுக்குப் பெயர் வைத்தவர்கள்)